இரண்டு பேட்டரி இருந்தும் ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லையா? மாஞ்சோலை ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அண்ணாச்சி, வண்டில ரெண்டு பேட்டரி கெடக்கு. ஆனாலும் காலைல செல்ஃப் எடுக்க மாட்டேங்கு."

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கத்து ஒர்க்ஷாப்களில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. ஒரு பேட்டரி போதாது என்றுதானே இரண்டாவதை மாட்டினோம், பிறகு ஏன் இரண்டும் சேர்ந்து படுத்துக்கொள்கின்றன என்பதுதான் வண்டிக்காரர்களின் கேள்வி.

ஊருக்குள் பேட்டரி டவுன் ஆனால் பெரிய கவலை இல்லை. நாலு பேர் தள்ளிவிடுவார்கள். ஆனால் மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏறிவிட்டால் கதையே வேறு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாமே களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காட்டுக்கு நடுவே இருப்பவை. வழியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. யானை, கரடி நடமாடும் பாதையில் பொழுது சாய்ந்த பிறகு வண்டி நின்றால், பேட்டரி பிரச்னை உயிர்ப் பிரச்னையாக மாறிவிடும்.

இரட்டை பேட்டரி அமைப்பில் சார்ஜ் எங்கே போகிறது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எளிமையாகப் பார்ப்போம்.

எதற்காக இரண்டு பேட்டரி?

முதல் பேட்டரியின் வேலை இன்ஜினைக் கிளப்புவது. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். பிறகு ஆல்டர்னேட்டர் அதை மறுபடி நிரப்பும்.

இரண்டாவது பேட்டரி துணைக்கு. கூடுதல் லைட், குட்டி ஃபிரிட்ஜ், வயர்லெஸ் செட், வின்ச், போன் சார்ஜர், இன்வெர்ட்டர் போன்றவை இதில் ஓட வேண்டும். ராத்திரி முழுக்க லைட் எரிந்து துணை பேட்டரி காலியானாலும், காலையில் வண்டியைக் கிளப்ப முதல் பேட்டரி தனியாகக் காத்திருக்கும். இதுதான் கணக்கு.

வண்டி நிற்கும்போது இரண்டும் பிரிந்திருக்க வேண்டும், ஓடும்போது மட்டும் சேர வேண்டும். இந்த ஒரு விஷயம் தப்பினால், இரண்டு பேட்டரி மாட்டியதற்கு அர்த்தமே இல்லை.

மூன்று விதமான இணைப்பு, மூன்று விதமான கோளாறு

முதல் வகை, நேரடி இணைப்பு. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துக் கட்டிவிடுவது. செலவு குறைவு என்பதால் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் இரண்டு பேட்டரியும் ஒரே தொட்டி மாதிரி. ஒரு பக்கம் ஒழுகினால் மறுபக்கமும் வற்றும். அதிலும் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் பழசு புதுசையும் சேர்த்துக் கெடுக்கும். பழைய பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆனால் அதன் அழுத்தம் சுமார் 10.5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். நல்ல பேட்டரி ராத்திரி முழுக்க அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். காலையில் இரண்டுமே காலி.

இரண்டாவது வகை, வோல்டேஜை உணரும் ரிலே. இன்ஜின் ஓடி, அழுத்தம் சுமார் 13.3 வோல்ட்டைத் தொட்டதும் ரிலே இரண்டையும் சேர்க்கும். சுமார் 12.8-க்குக் கீழே வந்ததும் பிரித்துவிடும். மலிவானது, எளிமையானது. ஆனால் உள்ளே இருக்கும் காண்டாக்ட் சூட்டில் ஒட்டிக்கொண்டால் பிரியவே பிரியாது. வின்ச் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, டிசி-டிசி சார்ஜர். முதல் பேட்டரியில் இருந்து மின்சாரத்தை எடுத்து, துணை பேட்டரிக்கு ஏற்ற அளவுக்கு மாற்றிக் கொடுக்கும். விலை அதிகம். ஆனால் பிஎஸ்-6 வண்டிகளுக்கு இதுதான் பொருத்தம். காரணத்தைக் கீழே பார்க்கலாம்.

எவ்வளவு இறங்கினால் இயல்பு?

சாவியை எடுத்த பிறகும் வண்டி கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் விழித்திருக்கும். பொதுவாக 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு.

கணக்கு போட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதியாகக் குறைய 25 நாள் ஆகும். அதுவே 300 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 7.2. நாலே நாளில் பாதி காலி. 'வெள்ளிக்கிழமை நிறுத்தினேன், செவ்வாய்க்கிழமை எடுக்கல' என்கிற புகாருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

தெரிந்தே பயன்படுத்தும் பொருட்களுக்கும் கணக்கு உண்டு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் நாள்கணக்கில் தங்கும் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடாது. ஆனால் லைட்டும் போன் சார்ஜரும் வண்டி பேட்டரியில்தான். அதோடு ஒரு கம்ப்ரசர் ஃபிரிட்ஜும் இருந்தால், அது விட்டுவிட்டு ஓடினாலும் சராசரியாக மணிக்கு 1.5 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். 12 மணி நேரத்தில் 18 ஆம்பியர்-அவர் போய்விடும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் ஆயுள் குறையும். எனவே 60 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கைக்கு வருவது 30 என்றுதான் கணக்கு வைக்க வேண்டும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி? 5 படிகள்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். நேர் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் வசதி.

படி 1: பிரித்து அளக்கவும்

சேர்ந்திருக்கும் இரண்டு பேட்டரியை அளந்தால் இரண்டும் ஒரே வோல்ட்தான் காட்டும். எது நல்லது, எது கெட்டது என்று தெரியாது. எனவே முதலில் இரண்டையும் பிரியுங்கள். சார்ஜ் ஏற்றிவிட்டு, சில மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு அளவு பாருங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால். 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. முழுசாகச் சார்ஜ் ஏற்றியும், எந்த இணைப்பும் இல்லாமலே ஒரு ராத்திரியில் 12.4-க்குக் கீழே இறங்கினால், குற்றவாளி வயரிங் இல்லை, பேட்டரியேதான்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால், அந்தச் செல் போய்விட்டது என்று அர்த்தம்.

படி 2: சார்ஜ் ஏறுகிறதா?

'பேட்டரி இறங்குகிறது' என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் உண்மையில் பேட்டரி நிரம்பவே இல்லை. இன்ஜினை ஓட விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, முதல் பேட்டரியில் அளவு பாருங்கள். பழைய ரக வண்டிகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். அடுத்து துணை பேட்டரியின் டெர்மினலிலேயே அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் வயர் மெலிது, அல்லது இணைப்பு தளர்வு, அல்லது நடுவில் டயோடு ஐசோலேட்டர் இருக்கிறது என்று பொருள்.

துணை பேட்டரி பின்னால் டிக்கியில் இருந்தால் வயரின் நீளம் அதிகம். அங்கே மெல்லிய வயர் போட்டால், எவ்வளவு தூரம் ஓட்டினாலும் முழுசாக நிரம்பாது. அம்பையில் இருந்து கல்லிடைக்கு, கல்லிடையில் இருந்து அம்பைக்கு என்று குட்டிக் குட்டி ஓட்டம் மட்டும் ஓடும் வண்டிகளுக்கும் இதே கதிதான்.

படி 3: ரிலே பிரிகிறதா?

இன்ஜினை நிறுத்துங்கள். ஹெட்லைட்டை ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். இப்போது இரண்டு பேட்டரியையும் அளங்கள். முதல் பேட்டரி மட்டும் இறங்கி, துணை பேட்டரி அப்படியே இருந்தால் ரிலே நன்றாக வேலை செய்கிறது. இரண்டும் ஒரே அளவில் சேர்ந்தே இறங்கினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேட்டரியும் சேர்ந்து படுப்பதற்கு முக்கியமான காரணம் இது.

படி 4: திருட்டு மின்சாரத்தை அளக்கவும்

துணை பேட்டரியின் பிளஸ் வயரைக் கழற்றி, வேறு எதிலும் படாதபடி டேப் சுற்றுங்கள். பிறகு முதல் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டுங்கள். கதவுகளை மூடி, சாவியை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டால் தப்பான அளவுதான் கிடைக்கும்.

கவனம்: மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது இக்னிஷன் போடவோ, செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அளவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் அந்தப் பக்கம் பிரச்னை இல்லை. இதே சோதனையைத் துணை பேட்டரிக்கும் தனியாகச் செய்யுங்கள். எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்பது இப்போது தெரிந்துவிடும்.

படி 5: எந்தச் சர்க்கியூட் என்று பிடிக்கவும்

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. அளவு எப்போது சட்டென்று குறைகிறதோ, அந்தச் சர்க்கியூட்டில்தான் கோளாறு. ஆனால் புது வண்டிகளில் ஃபியூஸைப் பிடுங்கி மாட்டினால் தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். அதனால் ஃபியூஸைக் கழற்றாமல், அதன் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மீட்டரை வைத்து மில்லி வோல்ட் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் அதில் மின்சாரம் ஓடவில்லை. ஏதாவது எண் காட்டினால் அங்கே ஓடுகிறது.

பெரும்பாலும் மாட்டுவது இவைதான்: வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் கருவி, டேஷ்கேம், நிறுத்தாமல் விட்ட இன்வெர்ட்டர், அணையாத டிக்கி லைட், வாட்டர் புரூஃப் இல்லாத சுவிட்ச். எல்லா ஃபியூஸும் சரியாக இருந்தும் ஒழுகினால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகியுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைப் பிரித்து, அதை டேப் சுற்றி வைத்துவிட்டு மறுபடி அளங்கள். ஒழுகல் நின்றால் டயோடு போய்விட்டது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா? கூடுதல் கவனம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்தது. எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன.

அப்படி நின்ற வண்டி இன்று நன்றாக ஓடலாம். ஆனால் கனெக்டருக்குள் போன சேற்றுத் தண்ணீர் காய்ந்த பிறகும், செம்பில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு படிந்துகொண்டே போகும். ஈரம் படும்போதெல்லாம் அதன் வழியே மின்சாரம் கசியும். அதனால்தான் சில வண்டிகள் வெயில் காலத்தில் நன்றாக இருந்து, ஐப்பசி அடைமழையில் மட்டும் பேட்டரி இறங்குகின்றன.

சீட்டுக்கு அடியில், கால் மிதிக்கு அடியில், பம்பருக்குப் பின்னால் இருக்கும் கனெக்டர்களைத் திறந்து பாருங்கள். எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பழைய வண்டி வாங்குபவர்களும் இதைப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

வெயிலும் மலையும்

வெயில் காலத்தில் நெல்லைச் சமவெளியில் பானெட்டுக்குள் இருக்கும் சூடு பேட்டரிக்கு எமன். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் ரசாயன வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தானாக இறங்குவதும் கூடும், ஆயுளும் குறையும். தண்ணீரும் சீக்கிரம் வற்றும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் பேட்டரிக்கு ஆகாது. அதில் கரைந்திருக்கும் தாது உப்புகள் தட்டுகளைக் கெடுக்கும்.

மலையில் நேர் எதிர். மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியற்காலைக் குளிரில் பேட்டரியின் சக்தி குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். கோடையில் வெந்து பலவீனமான பேட்டரி, கீழே இருக்கும்வரை சமாளித்துவிடும். முதல் குளிர் நாளில் காட்டிக் கொடுத்துவிடும்.

புது வண்டி, லித்தியம் பேட்டரி: இரண்டு பொறிகள்

பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உண்டு. டீசல் மிச்சப்படுத்த, பேட்டரி நிரம்பியதும் அது அழுத்தத்தை 12.5 - 12.8 வோல்ட் அளவுக்குக் குறைத்துவிடும். 13.3-க்காகக் காத்திருக்கும் ரிலே சேரவே சேராது. துணை பேட்டரி பட்டினி கிடக்கும். 'புது வண்டி, புது பேட்டரி, புது ரிலே, ஆனாலும் சார்ஜ் ஏறல' என்றால் காரணம் இதுதான். இங்கே டிசி-டிசி சார்ஜர்தான் தீர்வு. அதை இக்னிஷன் லைனில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நின்ற பிறகும் முதல் பேட்டரியை உறிஞ்சும்.

இன்னொரு பொறி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. சும்மா இருக்கும்போதே அதன் அழுத்தம் 13.2, 13.3 வோல்ட் இருக்கும். இரண்டு பக்கமும் உணரும் ரிலே இதைப் பார்த்து 'இன்ஜின் ஓடுகிறது' என்று ஏமாந்து, இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கும். லித்தியம் மாட்டினால் சாதாரண ரிலேயை மாற்றியே ஆக வேண்டும்.

லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு

இதுவும் இரண்டு பேட்டரிதான், ஆனால் கதை வேறு. லாரி, பஸ்களில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். பாட்டு கேட்க, ஃபேன் ஓட என்று நடுவில் ஒரே ஒரு பேட்டரியில் இருந்து 12 வோல்ட் எடுப்பது பரவலான பழக்கம். அந்த ஒன்று மட்டும் இறங்கும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாகப் பார்த்து 28 வோல்ட் அளவில் சார்ஜ் கொடுக்கும். இறங்கிய பேட்டரி முழுசாக நிரம்பாது, மற்றது அளவுக்கு மீறிக் கொதிக்கும். கொஞ்ச நாளில் இரண்டும் போய்விடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டினால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம். மாற்றும்போது இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில், ஒரே ரகத்தில் மாற்றுங்கள்.

மலையில் நின்றுவிட்டால்?

முதலில் பதற்றம் வேண்டாம். பொழுது சாய்ந்துவிட்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். காட்டு வழியில் வண்டிக்குள் இருப்பதே பாதுகாப்பு.

உங்களிடம் ஜம்ப் கேபிள் இருந்தால் துணை பேட்டரியையே உதவிக்கு அழைக்கலாம். முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். அடுத்து நல்ல பேட்டரியின் மைனஸ். கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல் இன்ஜினின் வெறும் இரும்பில் மாட்டுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அதன் பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கலாம்.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாமா? கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல் மாதிரி இறுகும், பவர் ஸ்டியரிங் திரும்பாது. தவிர, புது டீசல் வண்டிகளில் பேட்டரி முழுசாகப் படுத்துவிட்டால் கம்ப்யூட்டரே விழிக்காது. உருட்டினாலும் இன்ஜின் எடுக்காது.

வயரிங்கில் சமரசம் வேண்டாம்

இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஓடும் தடித்த வயரில் இரண்டு முனையிலும், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் எங்கேயாவது உரசி பாடியில் பட்டால் இரண்டு பக்கத்தில் இருந்தும் மின்சாரம் பாயும். ஃபியூஸ் இல்லை என்றால் தீப்பிடிப்பது நிச்சயம். பேட்டரி ஆடாமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கரடுமுரடான பாதையில் குலுங்கினால் உள்ளே தட்டுகள் உதிர்ந்து செல் ஷார்ட் ஆகும். புது வண்டியில் கூடுதல் வயரிங் செய்யும் முன் வாரண்டி நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

போன பேட்டரியை எங்கே போடுவது என்பதும் முக்கியம். 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை மற்றக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. கடையில் திரும்பக் கொடுத்தால் பணமும் குறையும். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். வாய்க்கால் ஓரம் வீசினால் அது போய்ச் சேருவது, நாம் குடிக்கிற அதே தாமிரபரணியில்தான்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

✦ முந்தின நாள் ராத்திரியே இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து, காலையில் மறுபடி பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் மலை ஏறும் முன் காரணத்தைத் தேடுங்கள்.

✦ டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது.

✦ ஜம்ப் கேபிள், மல்டிமீட்டர், உதிரி ஃபியூஸ், டார்ச் நான்கும் வண்டியில் இருக்கட்டும்.

✦ மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

✦ புது பேட்டரி வாங்கும் முன் மேலே சொன்ன 5 படிகளையும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒழுகலை அடைக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், அடுத்த மாதம் அதுவும் இறங்கத்தான் செய்யும்.